பெரிய கண்ணாடிப் பக்கம்

"இதுதான் தம்பி நல்லாருக்கு" என்றார். பைனாகுலரைத் தலைகீழாக, பெரிய கண்ணாடிகள் கண்ணோடு ஒட்டியிருக்கும்படி பிடித்திருந்தார். தெரியாமல் பிடித்தார் என்று சொல்ல முடியாது. முதலில் அப்படித்தான் பிடித்தார்; நான் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். சரியான பக்கமாகப் பொறுமையாகக் கொஞ்ச நேரம் பார்த்தார், "தெரியுது, தெரியுது" என்றார். பிறகு தானாகவே மறுபடி திருப்பிக்கொண்டு இதைச் சொன்னார்.

துபாய், ராஸ் அல் கோர் சரணாலயத்தின் மரக்குடில். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. அவர் எங்கள் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர், முதுகுளத்தூர்ப் பக்கம். அன்றைக்கு அவருக்கு லீவு. "வாங்கண்ணே, பூநாரை காட்டுறேன்" என்று நான்தான் கூட்டிப்போனேன். இதில் ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விட்டபாடில்லை.

சாதாரண விளக்கம் ஒன்று கைவசம் உண்டு. அவர் மூக்குக்கண்ணாடி போட்டவர். கண்வளையத்தை உள்ளே திருகிவிடாமல் கண்ணாடிக்காரர் பைனாகுலரில் பார்த்தால் நடுவில் சின்ன வட்டம், சுற்றிலும் கருப்பு, கை ஆடினால் அதுவும் போய்விடும். எரிச்சலில் திருப்பியிருக்கலாம். ஆனால் தலைகீழாகப் பிடித்தாலும் வட்டம் ஒன்றும் பெரிதாகிவிடப் போவதில்லையே. அந்த விளக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், முதல் மூன்று மாதம் மால்களைச் சுற்றி அலுத்த பிறகு, "இங்க இயற்கையா ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். ஆபீசில் அந்தக் கேள்வி எப்படியோ என் மேஜைக்கு வந்துசேரும். இருக்கிறது என்றுதான் சொல்வேன். துபாய் க்ரீக் முடிகிற இடத்தில் ராஸ் அல் கோர்: 6.2 சதுர கிலோமீட்டர் உப்புச்சேறும் அலையாத்தியும், 2007-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் சேற்றில் தலையைக் கவிழ்த்து நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் அல் குத்ரா ஏரிகள். வர்சான் பக்கம், பறவைக்காரர்கள் பிவட் ஃபீல்ட்ஸ் என்று சொல்லும் தீவனப்புல் வயல்கள். அங்கே ஆட்காட்டியும் பனங்காடையும் நம் ஊர்க் கம்மாய்க்கரையில் நிற்பதுபோலவே நிற்கும். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் மலை தாண்டிக் கிழக்குக் கடற்கரைக்கு, கல்பாவுக்குப் போகலாம். அந்த அலையாத்திக் காட்டில் வெண்கழுத்து மீன்கொத்தி ஒன்று இருக்கிறது. அரபுக் கடற்கரைக்கே உரிய துணையினம், உலகில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம்.

சொல்லி முடித்ததும் மனசுக்குள் ஒரு அடிக்குறிப்பு ஓடும். குத்ரா ஏரிகள் மணலில் வெட்டித் தண்ணீர் நிரப்பியவை. பிவட் வயலில் சுற்றும் குழாய் தெளிப்பது சுத்திகரித்த சாக்கடை நீர். நாம் குளித்த தண்ணீர் ஆட்காட்டியின் காலடியில் ஓடுகிறது. ராஸ் அல் கோரின் அலையாத்தியில் பெரும்பகுதி 1990-களில் ஆட்களை வைத்து நட்டது. பூநாரைகளுக்கு நகராட்சி நேரம் வைத்துத் தீனி போடுகிறது. அந்த நேரம் தெரிந்த கேமராக்காரர்கள் முன்னதாகவே இடம் பிடித்துவிடுவார்கள். காக்கை கப்பலில் தொற்றி வந்தது, மைனா கூண்டிலிருந்து தப்பியது. இதையெல்லாம் புதியவர்களிடம் நான் சொல்வதில்லை. வந்த உற்சாகத்தைக் கெடுப்பானேன்.

வலசைப் பறவையும் வளைகுடாத் தமிழனும் ஒன்று என்று எழுதாதவர் இங்கே கிடையாது. அதை நான் விட்டுவிடுகிறேன். என் கவலை வேறு. இந்த ஊரில் எல்லாமே பக்கத்தில் கொண்டுவரப்பட்டவை: தண்ணீர், புல், மரம், பறவை. அதற்கும் மேலே ஒருவன் எட்டு மடங்கு பக்கத்தில் கொண்டுவரும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவர் எட்டு மடங்கு தள்ளி வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்தபோது அவருக்கு என்ன கிடைத்திருக்கும்?

வீட்டுக்கு வந்து பால்கனியில் நானும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், பக்கத்து ஃபிளாட்டில் யாரும் இல்லாத நேரமாக. எதிர்க் கட்டடம், கீழே சிக்னல், தூரத்து கிரேன் எல்லாம் ஒரே வட்டத்துக்குள், விளிம்பு கூர்மையாக, பளிச்சென்று. ராஸ் அல் கோரில் அப்படிப் பிடித்திருந்தால் பூநாரை, சேறு, அலையாத்தி, நெடுஞ்சாலை லாரிகள், பின்னால் புர்ஜ் கலிஃபா எல்லாமே அந்த வட்டத்துக்குள் வந்திருக்கும். என் படங்களில் புர்ஜ் கலிஃபா இருக்காது. கவனமாக ஒதுக்கிவிடுவேன். வெறும் பறவை, வெறும் நீர், கட்ச் வளைகுடாவோ கோடியக்கரையோ என்று சந்தேகப்படும்படி எடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. அவர் எதையும் ஒதுக்கவில்லை. இதை நினைத்ததும் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. உடனே சந்தேகமும் வந்தது. அந்த மனிதர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதன் தலையில் நான் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். சிவகங்கை மாவட்டம், கொள்ளுக்குடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர். வேட்டங்குடிக் கண்மாய்களில் மழைக்குப் பிறகு வரும் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. 1977-இல் அரசு சரணாலயமாக அறிவிக்கும் முன்பே அங்கே வழக்கம் அதுதான். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இருக்கவில்லை. வாங்கி வந்த சரவெடியைப் பெரியம்மா அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்தாள் என்பதுதான் என் நினைவு. "அதுக குஞ்சு வச்சிருக்குடா, நீ ஊருக்குப் போயி வெடி" என்பாள். திரும்பி வருவதற்குள் தீபாவளி முடிந்திருக்கும். கண்மாய்க்கரை மரங்களுக்குக் கீழே போவதென்றால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போகச் சொல்வாள். எச்சம். வெயில் ஏறினால் மீன் வாடையும் புளித்த வாடையும் கலந்து தெருவரைக்கும் வரும். யாரும் மூக்கைப் பொத்தியதாக நினைவில்லை.

பறவை பார்க்க என்று அங்கே யாரும் போனதில்லை. நானும்தான். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளும் நடுவில் ஒட்டாது, ஒரு இடைவெளி இருக்கும் என்பதை வேலைக்கு வந்த பிறகு ஒரு புத்தகத்தின் படத்தில்தான் தெரிந்துகொண்டேன். பருவத்துக்குப் பருவம் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்த பறவை அது. பக்கத்தில் இருப்பது ஒன்று, பார்ப்பது வேறொன்று. அப்படியானால் பைனாகுலரைப் பழித்து என்ன பயன்?

சாலிம் அலியின் சுயசரிதையை அந்த நாட்களில்தான் படித்தேன். நிறைய மறந்துவிட்டது. சிறுவனாக ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் ஒரு மஞ்சள் தீற்றல்; இது என்ன குருவி என்று தெரியாமல் மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புகிறார்; அங்கே மில்லார்ட் என்ற வெள்ளைக்காரச் செயலர் அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்த பறவைகளை வரிசையாகக் காட்டுகிறார். சாலிம் அலியின் பறவையியல் உள்ளங்கையில் கிடந்த ஒரு பிணத்திலிருந்து தொடங்கியது என்றால் பெரிய மிகையில்லை. அதைவிடப் பக்கத்தில் எதையும் கொண்டுவர முடியாது. அந்த மஞ்சள்தொண்டைச் சிட்டு கோடையில் இந்த நாட்டின் கிழக்கே, மலையடிவாரப் பேரீச்சந்தோட்டங்களில் கூடு கட்டுகிறது என்று பின்னால் தெரிந்தது. ஜூலையில் நாங்கள் பள்ளி விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடும்போது, அது இந்த வெயிலில் இங்கே குடித்தனம் நடத்துகிறது. புத்திசாலி என்பதா, பைத்தியம் என்பதா!

எங்கோ போய்விட்டேன். முதுகுளத்தூருக்குப் பக்கத்தில்தான் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள் இரண்டும் இருக்கின்றன. மஞ்சள்மூக்கு நாரைகள் கருவேல மரத்தில் கூடு கட்டி அடைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, நாரையைக் கிட்டத்தில் காட்டுவதில் என்ன புதுமை? புதுமை அதைத் தூரத்தில் காட்டுவதில்தான் என்று ஒரு நாள் தோன்றியது. நல்ல விளக்கம்தான். மறுநாளே பிடிக்காமல் போய்விட்டது. அவர் வளர்ந்த வீட்டிலிருந்து சித்திரங்குடி எவ்வளவு தூரம் என்றுகூட நான் கேட்டதில்லை.

கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன். ஷேக் சாயித் சாலையில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தோம். "அண்ணே, அன்னைக்கு பைனாகுலரத் திருப்பிப் பிடிச்சு இதுதான் நல்லாருக்குன்னீங்களே, ஏன்?"

"நானா?" என்றார். யோசித்தார். "அப்படியா சொன்னேன்?" முன்னால் வண்டி நகர்ந்தது, அவரும் கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பறவைக்கெல்லாம் தீனி யாரு தம்பி போடுறா, கவுருமெண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பரவால்ல" என்றார். அது பாராட்டா, இரக்கமா, வெறும் பேச்சா என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் திறமை போதாது.

இப்போது என் மகளும் கூட வருகிறாள். ஒன்பது வயது. போன வாரம், ராஸ் அல் கோர் பூநாரை காட்டுப் பறவையா, வளர்ப்புப் பறவையா என்று கேட்டாள். பறக்கத் தெரிந்தது, பூட்டு கிடையாது, வேண்டாமென்றால் போய்விடும், அதனால் காட்டுப் பறவை என்றேன். "சாப்பாடு போடுறாங்களே?" என்றாள். அப்படிப் பார்த்தால் வளர்ப்பு என்றேன். ஒன்றைச் சொல்லுப்பா என்கிறாள். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவேன் என்றும் தோன்றவில்லை.