உவர்ப்பின்மை

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. நோயுற்ற உடலை அருவருக்காத உள்ளம். முனிவர் வேடத்தில் வந்த தேவன் உண்ட உணவைத் தன்மேல் உமிழ்ந்தபோதும், தன் உணவே தீங்கிழைத்ததோ எனத் தன்னையே நொந்து, தன் கையாலேயே அவரைக் கழுவித் தொண்டு புரிந்தான் உத்தாயண மன்னன்.

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழும் இளையோரை இன்று எண்ணுங்கள். நாள்தோறும் மருந்துண்டு அவர்கள் நெடுநாள் வாழ இயலும். ஆயினும் அவர்களுள் பெண்டிர்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் 6 மடங்கு. ஆதலின் 25 வயதிலேயே சோதனை தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. தொடக்கத்திலேயே கண்டால் தீர்க்கலாம். ஆனால் பிறர் முகஞ்சுளிப்பரே என்னும் அச்சம் மருத்துவமனை வாயிலை மிதிக்க விடுவதில்லை. சிகிச்சை மறுப்பதை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உள்ளத்து அருவருப்பை நற்காட்சியே நீக்க வேண்டும்.

ஔஷத தானத்திற்கு முன் அபய தானம் செய்வோம். உறவிலோ ஊரிலோ அத்தகைய பிள்ளை இருப்பின், அவர் மறையைக் காத்து, அவர் விரும்பினால் சோதனைக்கு உடன் செல்வோம். அஃதே உத்தாயணன் வழி.

அறம் வளர்க!