கோட்டையோடு நின்றுவிடுவதா சுயாட்சி?

டில்லியிடம் நாம் கேட்பது சலுகையன்று, உரிமை. வளமான வரிகளையெல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் எனச் செலவுமிக்க பொறுப்புகளை மாநிலங்களின் தோளிலே ஏற்றிவிட்டு, பங்கு கேட்டு வருவோரை இரவலர்போல் நடத்துவது எந்த நியாயம் என்று கேட்கிறோம். 1969இல் இராசமன்னார் குழு அமைந்ததும், 1971இல் அதன் அறிக்கை வெளிவந்ததும், 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அக்கேள்வியின் வரலாறு. தோழர்கள் அறிந்த வரலாறு.

ஆனால் அதே கேள்வியை, சிற்றூர் ஒன்றின் ஊராட்சித் தலைவர் சென்னைக் கோட்டையை நோக்கிக் கேட்டால், நாம் என்ன விடை தருவோம்?

சுயாட்சிக் கோரிக்கையின் உயிர்நாடி எது? டில்லி தொலைவில் இருக்கிறது என்பதா? அது நிலப்படம் கூறும் செய்தி, நீதியாகாது. ஒரு முடிவினால் வாழ்வோ தாழ்வோ அடையப் போகிறவர் எவரோ, அவருக்கு அம்முடிவிலே பங்கு வேண்டும் என்பதே உயிர்நாடி. அந்த அறம் மாநில எல்லையில் வந்து மண்டியிடுவதில்லை. டில்லிக்கும் சென்னைக்கும் இடையே நியாயமாக இருப்பது, சென்னைக்கும் சிற்றூருக்கும் இடையே அநியாயமாகிவிடுமா?

பொறுப்பைக் கொடுத்துப் பொருளைக் கொடாதிருக்கும் தந்திரம் பழையது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இரட்டையாட்சியிலே, கல்வியும் நலவாழ்வும் உள்ளாட்சியும் அமைச்சர்களிடம் தரப்பட்டன. நிதியும் காவலும் நிலவரியும் வெள்ளையரின் நிர்வாகக் குழுவிடமே தங்கின. நீதிக்கட்சி அமைச்சராக இருந்த கே. வி. ரெட்டி நாயுடு, வேளாண்மை தம்மிடம் இருக்கிறது, பாசனமோ தம்மிடம் இல்லை என்று குறைப்பட்டார். இன்று ஊராட்சித் தலைவர்கள் பேசுவதைக் கேட்டால், அந்தக் குரலே செவியில் விழுகிறது.

உள்ளாட்சி நமக்கு அந்நியமான அரங்குமன்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகல் உணவு அளித்தது. பின்னாளில் நாடே வியந்த திட்டத்தின் விதை, கோட்டையிலே முளைத்ததன்று; மாநகராட்சி மன்றத்திலே முளைத்தது. ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டம் கண்டவர் பெரியார். 1959இல் சென்னை மாநகராட்சியில் பெற்ற வெற்றிதான், எட்டே ஆண்டுகளில் கோட்டைக்குப் போக வழி திறந்தது.

அந்த மாநகராட்சிக்கு நேர்ந்தது என்ன? ஊழலைக் காரணங்காட்டி, 1973இல் அதன் மன்றம் கலைக்கப்பட்டது. டில்லியிடம் சுயாட்சி கேட்டுத் தீர்மானம் இயற்றியது அதற்கு அடுத்த ஆண்டில்! மீண்டும் மாமன்றத் தேர்தல் நடந்தது 1996இல். இடைப்பட்ட இருபதாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், கோட்டையிலே கட்சிகள் மாறின, பூட்டு மாறவில்லை. ஊழல் செய்தவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஊழலுக்காக மன்றத்தையே மூடலாமென்றால், எந்தச் சட்டமன்றம் திறந்திருக்கும்?

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கென 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் மாநிலச் சட்டமன்றம் அதிகாரங்களை 'வழங்கலாம்' என்றது. 'வழங்க வேண்டும்' என்று கூறவில்லை. அந்த ஒரு சொல்லின் நிழலிலே மாநிலங்கள் பல இளைப்பாறுகின்றன. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கிற்று. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை.

ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். இங்கோ, 2016இல் காலம் முடிந்த மன்றங்களுக்கு ஊரகத் தேர்தல் தொடங்கியது 2019 டிசம்பரில். நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அதுவரை ஆண்டவர்கள் தனி அலுவலர்கள். 356ஆம் பிரிவைக் காட்டி 1976இலும் 1991இலும் மாநில ஆட்சி கலைக்கப்பட்டபோது, நெஞ்சு கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் நீக்க வழிசெய்யும் 205ஆம் பிரிவு, நம் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திலே இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா?

இங்கே நம் தோழர்களே எழுப்பும் தடை ஒன்றுண்டு, தட்டிக்கழிக்கத்தக்கதன்று. "சிற்றூரிலே சாதி கோலோச்சுகிறது. அதிகாரத்தை அங்கே இறக்கினால், அது ஆதிக்கக்காரன் கைக்குத்தானே போகும்?" என்கின்றனர். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடியோருக்கு இதே எச்சரிக்கையைத்தான் விடுத்தார். அது வெறும் அச்சமன்று என்பதை 1997இல் மேலவளவு குருதியால் காட்டிற்று: ஒதுக்கீட்டில் தேர்வான ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களிலே, ஆதித்திராவிடர் ஒருவர் தலைவராவதைப் பத்தாண்டுக் காலம் தடுத்துவைத்தனர்.

ஆனால் அந்த நான்கு ஊர்களின் கதை 1996இல் தொடங்கி 2006இல் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒதுக்கீட்டை நீக்கி முடிக்கவில்லை. ஊராட்சியை ஒழித்தும் முடிக்கவில்லை. அரசு முனைந்து நின்று, தேர்தலை நடத்தி, தேர்வானவரை நாற்காலியில் அமர்த்திற்று. மேலிருக்கும் அரசுக்கு உரிய வேலை இதுவே: கீழிருப்பவரின் உரிமையைக் காப்பது, பறித்துத் தன் பையிலே போட்டுக்கொள்வதன்று. ஊராட்சியிலே சாதி இருக்கிறது, உண்மை. சட்டமன்றத்திலும் அலுவலகத்திலும் இல்லையா? சாதியைக் காட்டி அதிகாரத்தை மேலேயே நிறுத்தினால் சாதி சாகாது. அதை எதிர்த்து நிற்கும் எளியவருக்குக் கிடைத்த மேடைதான் பறிபோகும்.

ஆகவே, ஊருக்கு அதிகாரம் வேண்டும் என்பதோடு, ஊருக்குள்ளே ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம். டில்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சிற்றூர், சிற்றூரிலிருந்து சேரி வரை செல்லாத சுயாட்சி, பாதி வழியில் வற்றிய வாய்க்கால். தலைமடை நிரம்பியது கண்டு கடைமடை உழவன் மகிழ்வானா?

பணி, பணம், பணியாளர் மூன்றும் சேர்ந்து இறங்க வேண்டும். தேர்தல் நாள் தவறாது வர வேண்டும். மாநில நிதிக்குழுவின் பரிந்துரைகள் ஏட்டிலே உறங்காமல் நடைமுறைக்கு வர வேண்டும். இளைஞர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபைக்குச் செல்லுங்கள். வரவு என்ன, செலவு என்ன, சேரித் தெருவுக்குக் குழாய் எப்போது என்று எழுந்து கேளுங்கள். டில்லியை நோக்கிக் கேட்கும் துணிவு நமக்கு என்றும் உண்டு. கோட்டையை நோக்கியும், ஊர்ப் பெரியதனத்தை நோக்கியும் அதே துணிவோடு கேட்கும்போதுதான், சுயமரியாதை என்ற சொல்லுக்கு முழுப்பொருள் கிடைக்கும்.