அறிந்ததும் அறிந்ததாகத் தோன்றுவதும்

ஒரு பாடத்தைப் பலமுறை படிக்கும் மாணவனுக்கு அதன் வரிகள் பழகிவிடுகின்றன; அப்பழக்கத்தையே அவன் அறிவு என்று கொள்கிறான். இம்மயக்கத்தை அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். மறுமுறை படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரத்திற்குப் பின்னரோ முன்னவர்க்கு 42, பின்னவர்க்கு 56! இன்னொரு சோதனையில், தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்களும் திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

நூலை மூடியதும் தெரியும் வெறுமை கசப்பானது. அதைக் காண அஞ்சியே பலர் நூலை மூடுவதில்லை. இங்கே நினைவாற்றலுக்கு முன் வாய்மையே சோதனைக்கு உள்ளாகிறது. மாணவன் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நூலை மூடி, நினைவில் நின்றதை எழுதட்டும். விடுபட்டதைத் தேடிப் படிக்கட்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அவ்வாறே செய்யட்டும்.