விடை அச்சிடாத பாடநூல்

மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள, அப்போது ஹோஷங்காபாத் எனப்பட்ட மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளில் ஒரு காலத்தில் அறிவியல் புத்தகத்தில் விடைகளே இல்லை. செய்து பார்க்கச் சோதனைகள் இருந்தன. அவற்றின் கீழே கேள்விகள் இருந்தன. பார்த்ததை மாணவரே தன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். 'பால் வைக்ஞானிக்' (குழந்தை விஞ்ஞானி) என்பது அந்தப் புத்தகத்தின் பெயர். சில நாட்களாக என் நினைவு அதையே சுற்றிவருகிறது.

1972இல் கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் 16 பள்ளிகளில் இந்த அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. பின்னர் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது.

பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். ஒரே நீளத்தை அளந்தாலும் ஒரு குழுவின் எண் இன்னொரு குழுவுக்கு வராது. நமக்குப் பழகிய வகுப்பில் ஆசிரியர் சரியான எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் அழித்துவிட்டு எழுதுவார்கள். இங்கே ஏன் வேறுபட்டது என்பதே அன்றைய பாடம். அளவுகோலை எங்கே வைத்தாய், எங்கிருந்து பார்த்தாய் என்று பேச்சு நீளும். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதும் இதைத்தான். பன்னிரண்டு வயதில் அது கைவந்துவிட்டால் எவ்வளவு பெரிய பேறு!

ஆசிரியரை நினைத்துக்கொள்கிறேன். "தெரியாது, பார்ப்போம்" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தனியாக வளர்த்துக்கொள்ள முடியாது. அதனால்தான் பயிற்சி முகாம்களில் ஆசிரியர்களே மாணவர்களாகி எல்லாச் சோதனைகளையும் செய்தார்கள். மாதக் கூட்டங்களில் வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கூட இருந்தார்கள்.

இத்திட்டத்தில் சவாலிராம் என்றொரு கற்பனை மனிதர் இருந்தார். பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதிலும் வரும். பாடத்திட்டத்துக்குள் அடங்காத கேள்விக்கும் ஒரு முகவரி இருந்தது என்பது என்னை நெகிழ வைக்கிறது.

திட்டத்தை நடத்தியவர்கள் தேர்வையும் மாற்றினார்கள். மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இது என்பேன். புத்தகத்தையும் நோட்டையும் பார்த்தே விடை எழுதலாம், செய்முறைத் தேர்வும் இருந்தது. ஆண்டு முழுவதும் தேடச் சொல்லிவிட்டு, கடைசியில் மனப்பாடத்தைச் சோதித்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? வினாத்தாளைத்தான். எத்தனையோ நல்ல கல்வி முயற்சிகள் அந்த இடத்தில்தான் உயிர்விடுகின்றன.

2002இல் மத்தியப் பிரதேச அரசு இந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு நடந்த ஒன்றை, நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வினாத்தாளில் ஒரே ஒரு கேள்விக்காவது விடைக்குறிப்பு எழுதாமல் விடுங்கள். பிள்ளைகள் எழுதியதைப் படித்த பிறகு மதிப்பெண்ணை முடிவு செய்யுங்கள்.