கிண்ணம் தூக்காத கோல் கீப்பர்

454 வெற்றி. ஒரு கிண்ணம் கூட இல்லை. கனடாவில் ஹாக்கி ரசிகர்கள் பல வருடமாக வாதாடிக்கொண்டிருப்பது இந்த இரண்டு விவரத்தை வைத்துத்தான்.

கர்ட்டிஸ் ஜோசப் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நமக்கு ஹாக்கி என்றால் திடலில் ஆடுவதுதானே. அவர் ஆடியது ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 1989 தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம் கோல் காவலராக நின்றார். 943 ஆட்டம். ஆனால் அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தை ஒரு முறை கூடத் தூக்கவில்லை. ஆண்டின் சிறந்த கோல் காவலருக்கான வெசினா விருதும் கிடைக்கவில்லை. டொரொண்டோவில் இருக்கும் ஹாக்கி புகழ் மண்டபத்தில் 2025 வரை அவருக்கு இடமில்லை.

நல்ல கோல் கீப்பர்தான், ஆனால் மகத்தானவரா? இதுதான் கேள்வி. ஐஸையே பிரிட்ஜில் மட்டும் பார்க்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கு. தன் கையில் இல்லாத ஒன்றை வைத்து ஒருவரை எடை போடுவது நியாயமா என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் விஷயம். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் இதே சிக்கலுக்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். குரூப் அசைன்மெண்டில் மற்ற மூன்று பேர் தூங்கியதால் மார்க் இழந்தவர்களுக்கு இந்தச் சிக்கலை நான் விளக்கத் தேவையில்லை.

முதலில் நம்ம லீ சோங் வெய். 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி. ஒலிம்பிக் தங்கமும் இல்லை, உலக வெற்றியாளர் பட்டமும் இல்லை. ஆனாலும் 2023-இல் உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். மலேசியாவில் யாராவது அதை மறுத்துப் பேசினால் உயிரோடு வீடு போய்ச் சேர முடியாது! அப்படின்னா கிண்ணம் இல்லாமலும் மகத்துவம் உண்டு என்று நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டோம். அதிலும் ஒற்றையர் பூப்பந்தில் தோற்றால் அது அந்த ஆட்டக்காரரின் தோல்விதான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது. கோல் கீப்பர் நிலைமை இன்னும் மோசம். அவரால் தோல்வியைத் தள்ளிப்போட முடியும். வெற்றிக்குத் தேவையான கோலை வேறொருவர்தான் போட வேண்டும்.

1997 பிளேஆஃப் முதல் சுற்றைப் பாருங்கள். ஜோசப் அப்போது எட்மண்டன் அணியில். எதிரணி டல்லஸ், தரவரிசையில் எவ்வளவோ மேலே இருந்த அணி. ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம். ஜோ நியூவெண்டைக் காலியாகக் கிடந்த வலையை நோக்கி அடிக்கிறார். ஜோசப் பாய்ந்து விழுந்து அதைத் தடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் டாட் மார்ச்சண்ட் கோல் போட, எட்மண்டன் வென்றது. அந்த மார்ச்சண்ட் ஷாட் வெளியே போயிருந்து, டல்லஸ் அடுத்து ஒன்று போட்டிருந்தால்? அதே பாய்ச்சல், அதே திறமை. ஆனால் இன்று யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

2003-இல் அதுதான் நடந்தது. முந்தைய வருடம் கிண்ணம் வென்ற டெட்ராய்ட் அணிக்கு மாறினார். முதல் சுற்றிலேயே அனாஹைமிடம் நான்குக்குப் பூஜ்ஜியம் என்று வெளியேறினார்கள். நான்கு ஆட்டமும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். நட்சத்திரங்கள் நிறைந்த அந்த அணி நான்கு ஆட்டத்தில் போட்டது மொத்தம் ஆறே கோல்! பழி மட்டும் கோல் கீப்பர் பெயரில் பதிவாகிவிட்டது.

இப்போது மறுபக்கம். கிறிஸ் ஒஸ்குட், அதே டெட்ராய்ட் அணிக்காரர். 401 வெற்றி, மூன்று கிண்ணம் (அதில் 1997-இல் அவர் மாற்றுக் காவலர்). அவரும் மண்டபத்தில் இல்லை. ஏன் என்று கேட்டால், "அணி அவ்வளவு பலம், யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கிண்ணம் இருந்தால் அது அணியின் புண்ணியம், இல்லாவிட்டால் அது கோல் கீப்பரின் குறையா? இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

கம்ப் வொர்ஸ்லி என்று பழைய காலத்துக் கோல் காவலர் ஒருவர். பலவீனமான நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் பத்து சீசன் நின்றார், கிண்ணம் பூஜ்ஜியம். 1963-இல் மொன்ட்ரியலுக்கு மாற்றப்பட்டார், நான்கு கிண்ணம். ஆளும் கையும் அதேதான், மாறியது முன்னால் நின்றவர்கள். அவர் தோற்ற ஆட்டங்கள் 352. ஜோசப் தோற்றதும் 352, ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை! வொர்ஸ்லி 1980-லேயே மண்டபத்துக்குள் போய்விட்டார்.

சரி, வெற்றி தோல்வியை விடுவோம், தடுத்த விகிதத்தைப் பார்ப்போம் என்று என் மாதிரி பொறியியல் பசங்க சொல்வோம். ஜோசப் ஆயிரம் அடிக்கு 906 தடுத்தார், ஒஸ்குட் 905. அட, ஒன்றுதானே! ஆனால் ஒரே பழுது விகிதம் உள்ள இரண்டு பாகத்தை, அவை தாங்கிய சுமையைப் பார்க்காமல் ஒன்று என்று எந்தப் பொறியியலாளரும் சொல்ல மாட்டார். விகிதம் அடிகளின் எண்ணிக்கையைச் சரிசெய்கிறது, அடியின் தரத்தை அல்ல. முன்னால் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் மாதிரி தற்காப்பு ஆட்டக்காரர் நிற்கும்போது வரும் அடி வேறு, தற்காப்பு உடைந்து ஆள் தனியாகப் புகுந்து அடிப்பது வேறு. ஜோசப் தொடங்கிய காலமோ கோல் மழை பொழிந்த காலம். பின்னால் வந்தவர்களின் விகிதத்தோடு ஒப்பிட்டால் அவர் சாதாரணமாகத் தெரிவது இதனால்தான்.

நல்லவர்களை எல்லாம் உள்ளே விட்டால் மகத்துவத்துக்கு என்ன மதிப்பு என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. மண்டபம் சின்னதாக இருப்பதுதான் சரி. ஆனால் வாசல் ஒரே அளவாக இருக்க வேண்டும். கிண்ணமே வாங்காத லுவோங்கோ 2022-இல் போனார், லுண்ட்க்விஸ்ட் 2023-இல் போனார். கிண்ணம் கட்டாயமில்லை என்று தேர்வுக் குழுவே காட்டிவிட்டது.

இந்த இடத்தில் கீதையை இழுத்து, பலனை எதிர்பார்க்காதே என்று ஜோசப்புக்கு ஆறுதல் சொல்வது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த உபதேசம் செயலைச் செய்பவருக்கு. தீர்ப்பு சொல்கிறவர்கள் சோம்பேறித்தனமாக இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. வில்லெடுத்தவன் பலனை மறக்கலாம். பலகையில் மார்க் போடுகிறவன் யார் எவ்வளவு சுமந்தார் என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மண்டபத்தின் தேர்வுக் குழுவில் 18 பேர். உள்ளே போக 14 ஓட்டு வேண்டும். யாருக்கு எத்தனை விழுந்தது என்று வெளியே சொல்வதில்லை. எனக்கு ஓட்டு இருந்தால் ஜோசப்புக்குத் தயங்காமல் போடுவேன். ஒஸ்குட்டுக்கு இப்போதைக்கு இல்லை. தப்பு என்று நினைப்பவர்கள் கணக்கை எடுத்துக்கொண்டு மாமாக் கடைக்கு வாங்க. தே தாரிக் என் செலவு.