மூன்றாவது மிதி

வேகத்திற்கென்றே செய்யப்படும் கார்களில் கையால் மாற்றும் கியரைத் தயாரிப்பாளர்கள் இனியும் தர வேண்டுமா என்பது பணம் படைத்தவர்களின் கவலையாகத் தோன்றலாம். எனக்கு அது தார்மீகப் பிரச்னையாகவே படுகிறது. மனிதச் செயலில் எதை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கலாகாது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

வேகத்தை முன்னிட்ட வாதம் முடிந்துபோன ஒன்று. 1989-ல் ஃபெராரி, கியர் ராடை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இயக்கும் இரு தகடுகளை வைத்த பந்தயக் காரைப் பிரேஸிலில் இறக்கியது. முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. 2023-ல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்2, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டத் தானியங்கிக் கியரில் 4.1 விநாடி, கைக் கியரில் 4.3 விநாடி. கை தோற்றுவிட்டது. கைக் கியரைத் திறமையின் பேரால் ஆதரிக்கிறவர்கள் தங்கள் பிரியத்துக்குப் பொய்க் காரணம் தேடுகிறார்கள்.

அப்படியானால் பழமையின் பேரால் ஆதரிக்கலாமா? நொச்சிக்குப்பத்துக் கரை இதற்குப் பதில் சொல்கிறது. மரங்களைக் கயிற்றால் பிணைத்து, துடுப்பும் பாயுமாகக் கடலுக்குள் போன கட்டுமரத்தின் இடத்தில் அங்கே எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகள் நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகள் தமிழகக் கரை நெடுகிலும் இம்மாற்றத்தைத் துரிதப்படுத்தின. கட்டுமரம் மறைந்ததில் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு துக்கம் உண்டு. துடுப்புப் போட்டவரின் தோள்வலியை அறியாத துக்கம் அது. அலையைக் கடந்தது சோற்றுக்காக. அந்தக் கஷ்டத்தைக் குறைக்கும் எதையும் வேண்டாமென்று சொல்ல, கரையில் நிற்பவனுக்கு உரிமையில்லை. அதே குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில், நெரிசலில் நாள் முழுக்கக் கிளட்சை மிதிக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கும் இது பொருந்தும். தானியங்கிக் கியர் அவருக்கு விடுதலை.

வேகக் காரை வாங்குகிறவர் நிலை வேறு. அவர் எங்கும் போய்ச் சேர வேண்டிய நிர்ப்பந்தத்தில் அதை வாங்கவில்லை. ஓட்டுதல் என்ற செயலே அவர் விலை கொடுக்கும் பண்டம். அந்தச் செயலைக் கழித்துவிட்டு வேகத்தை மட்டும் தருவது, வாங்கியவரைத் தம் காரிலேயே பயணியாக்குவது.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் செய்யும் ஐ20 என் லைன் சிறிய கார்தான். ஆனால் ஓட்டும் ருசிக்காக விற்கப்படுவது. 2021-ல் அதில் கியர் ராடு இருந்தது, கிளட்ச் மிதி இல்லை. 2023-ல் அந்த மூன்றாவது மிதி திரும்பி வந்தது. அதே ஆண்டு அதே நிறுவனம் ஐயானிக் 5 என் என்ற மின்சாரக் காரையும் வெளியிட்டது. அதில் கியர்களே இல்லை. கியர் மாறுவது போன்ற உலுக்கலும் சப்தமும் உண்டு, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

இந்த இரண்டில் முதலாவதையே நான் கேட்கிறேன், சாதாரண விலையில். அதில் கால் பிசகினால் வண்டி உதறி நின்றுபோகும். அப்படி நிற்கக்கூடியதாக இருப்பதனால்தான், நிற்காமல் ஓட்டியது ஓட்டியவரின் செயலாகிறது.