நிலையாமை யாருக்குச் சொன்ன பாடம்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு பழைய ஊருக்குத்தான் திரும்பும். ரயில்வே குவாட்டர்ஸின் வரிசை வீடுகள், லிடோ தியேட்டர், ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் திருவிழா, விசாக நாளில் பௌத்த மகா விகாரையிலிருந்து புறப்படும் ஊர்வலம் என்று பட்டியல் நீளும். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், "எதுதான் நிலைச்சு நிக்குது? விட்டுத் தள்ளுங்க" என்பார். பேச்சு அத்துடன் அடங்கிவிடும். அப்படி அடக்கிவிடுவது சரிதானா என்பதே என் கேள்வி. நம் சமயங்கள் நிலையாமையைப் போதிக்கின்றன; ஆகவே போன ஊரை நினைத்து வருந்துவது பற்று, பற்றோ துன்பத்தின் வேர் என்கிற வாதம் ஞானம் போலவே ஒலிக்கிறது. ஆனால் அந்தச் சமயங்களைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தவர்களின் வாதம் அது.

அதன் வலுவை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊரின் வரலாறே அதற்குச் சாட்சி. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே நகரைக் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்த, பிரிக்பீல்ட்ஸ் மண்ணில் சூளைகள் எழுந்தன. சூளைகள் போய் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டிலிருந்து கூலித் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். தெய்வமே இடம் பெயர்ந்ததுண்டு: 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகாமாரியம்மன் கோயில், முதலில் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் இருந்து, 1885இல் இன்றைய துன் எச்.எஸ்.லீ சாலைக்கு வந்தது. மாறாத பிரிக்பீல்ட்ஸ் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தன் சிறுவயதில் பார்த்த ஊர்தான் உண்மையான ஊர், அதற்குப் பின் வந்ததெல்லாம் கேடு என்று ஒருவர் சொன்னால், அது பற்றுதான்; அதை விடச் சொல்வதும் சரிதான்.

ஆனால் இந்தப் பாடம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். திருக்குறளில் நிலையாமை என்னும் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. தன் செல்வத்தையும் தன் உடலையும் சதமென்று நம்பியிருப்பவனிடம் அது பேசுகிறது. பொருள் கைக்கு வந்தால், அது போவதற்குள் நிலைக்கத்தக்க அறத்தைச் செய் என்கிறது. பிறர் வீட்டை இடிப்பவனுக்கு அது எந்த அனுமதியும் தரவில்லை. அண்டை அயலோடு வாழும் மனிதனுக்கான இல்லறவியலில் வள்ளுவர் வைத்திருப்பது செய்ந்நன்றி அறிதல். பெற்ற உதவியை மறப்பதை அங்கே அவர் பிழைக்க வழியற்ற குற்றமாகவே வைக்கிறார். பௌத்தமும் இப்படித்தான். தோன்றியதெல்லாம் அழியும் என்று போதித்த புத்தர்தான், தாம் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதலில் அறம் உரைத்த இடம், மறையும் இடம் ஆகிய நான்கையும் அன்பர்கள் சென்று காண வேண்டும் என்றும் சொன்னதாக மகாபரிநிப்பான சூத்திரம் கூறுகிறது. அழிவை அறிவதும் இடத்தை நினைவில் வைத்திருப்பதும் முரண்பட்டவை என்று அவர் கருதவில்லை. பல்லாண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும் குடும்பத்திடம் துறவறத்தைப் போதித்துவிட்டு, அந்த நிலத்தில் கோபுரம் எழுப்பும் மேம்பாட்டாளரிடம் அதைப் போதிக்காமல் இருப்பது சமயமாகாது.

அப்படியானால் எந்த மாற்றம் தகும், எது தகாது? அதற்கான அளவுகோல் நம் கோயில்களிலேயே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. திருப்பணிக்காகக் கருவறையில் கைவைக்கும் முன், மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, தற்காலிகச் சந்நிதியான பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். சுவர் இடிபடலாம், சுதை புதிதாகலாம், வண்ணம் மாறலாம். ஆனால் ஒரு நாள் பூசைகூட நிற்பதில்லை. வேலை முடிந்ததும் அந்தச் சக்தி பழைய இடத்துக்கே திரும்புகிறது. மாற்றத்தை ஏற்றுக்கொண்டே தொடர்ச்சியைக் காக்கும் ஏற்பாடு இது. இதை ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ரயில்வேயின் பழைய யார்டு இருந்த 72 ஏக்கரில் கேஎல் சென்ட்ரல் எழுந்து, 2001இல் நிலையம் திறக்கப்பட்டது. நாட்டுக்கு அது தேவைப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றிய மாற்றத்தில் குவாட்டர்ஸ் வாழ்க்கைக்குப் பாலாலயம் எதுவும் அமையவில்லை. 'நூறு குவாட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு இடிக்கப்பட்டபோது வீடுகளோடு அக்கம்பக்கமும் கலைந்தது. ஆளுக்கொரு திசையாகப் போன குடும்பங்கள் ஒன்றாகத் திரும்பி வர வழி இல்லை. குறை மாற்றத்தில் இல்லை. மாறும் காலத்தில் உறவைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு செய்யாததில் இருக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, நினைவு பொய் சொல்லும் என்பது. பழைய ஊரைப் பேசுகிறவர்கள் வறுமையையும், குடியையும், சாதியையும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் தண்டவாளத்தில் வியர்த்தவருக்கும் இருந்த இடைவெளியையும் விட்டுவிடுகிறார்கள். இது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் இதற்குத் தீர்வு மறதியாகாது, நினைவை முழுமையாக்குவதே. ஏக்கம் 'என் ஊர் எங்கே போயிற்று' என்று கேட்கிறது. நன்றி 'யாருடைய உழைப்பில் நாம் நின்றோம்' என்று கேட்கிறது. நன்றியாக மாறிய நினைவு இனிமையை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. கடன் பட்டவன் எல்லாக் கடனையும் எழுதி வைத்தே ஆக வேண்டும். சூளையில் வெந்தவரும் சாலையைக் கூட்டியவரும் அந்தக் கணக்கில் வரும்போது, பழைய ஊரைப் புகழ்வதைவிட அதை அறிவதே முக்கியமாகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு உரிமை பற்றியது. குவாட்டர்ஸ் அரசாங்கத்தின் சொத்து. அங்கிருந்தவர்களுக்குச் சட்டப்படி என்ன பாத்தியதை என்று கேட்கலாம். பாத்தியதை வேறு, கடமை வேறு என்பதே என் பதில். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் கதை இதைக் காட்டுகிறது. 1904இல் தோன்றிய அந்த ஆசிரம வளாகத்தில் 2014இல் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வெளியானபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிலத்தில் ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லை. இருந்தும் அவர்கள் பேசினார்கள். 2016இல் அந்தக் கட்டடம் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது. அறப்பணிக்கு வருமானம் வேண்டாமா என்ற கேள்வி அற்பமானதல்ல. ஆயினும் முன்னோர் அறத்துக்கென விட்டுச் சென்றதைக் காப்பவர்கள் அதன் முதலாளிகள் ஆகமாட்டார்கள். அங்கே ஊராரின் நினைவு வெறும் பெருமூச்சாக இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. அது கடமையாக மாறியதால்தான் கட்டடம் நிற்கிறது.

அலங்காரத்தையும் நினைவென்று நாம் மயங்கக் கூடாது. 2010 அக்டோபரில் அப்போதைய மலேசிய, இந்தியப் பிரதமர்களான நஜிப்பும் மன்மோகன் சிங்கும் 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்தபின் துன் சம்பந்தன் சாலையில் வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. வணிகத்துக்கு அவை நல்லவை. ஆனால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டியது நாம். கோயில் நிர்வாகங்கள் தங்கள் பழைய கணக்கேடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் பேணலாம். பள்ளிகள் முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுத்து எந்தக் குடியிருப்பு இடிபட இருந்தாலும், அங்குள்ளவர்கள் கூடியவரை ஒரே இடத்தில் சேர்ந்து குடியேற வழி உண்டா என்று முதல் கூட்டத்திலேயே கேட்கலாம். எதுவும் நிலைக்காது என்பது உண்மை. கையில் இருக்கும்போதே, இருப்பவர்களுக்கு உரியதைச் செய்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த உண்மை நமக்குச் சொல்லப்பட்டது.